முப்பதாயிரத்து முப்பத்தொன்று

சரக்கு ரயில் பெட்டிகளைச் செப்பனிடும் பட்டறையில் அவருக்குப் பெயர் மீதி. பெட்டிகளின் பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டால் எண் எழுதுவது அவர் வேலை. எழுதும்போதே அந்த எண்ணை ஏழால், பதினொன்றால் மனசுக்குள் வகுத்து, "மீதி மூணு" என்று முணுமுணுப்பார். கூட இருந்தவர்கள் பட்டப்பெயர் வைக்காமல் விடுவார்களா?

இளவயதில் ஒருநாள், அடுத்தடுத்து நின்ற இரண்டு பெட்டிகளுக்கு எண் எழுதினார். முதலாவது 30030. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண் அது. அவற்றில் எதால் வகுத்தாலும் துளி மிச்சமில்லை. பக்கத்துப் பெட்டி 30031. இதில் ஒவ்வொரு தடவையும் ஒன்று மிஞ்சியது. பதினேழு, பத்தொன்பது என்று மேலே மேலே போனார். எதுவும் பலிக்கவில்லை. ஐம்பத்துமூன்றில் அலுத்துப்போய், இது எதற்கும் மசியாத பகா எண் என்று டீ குடிக்கும் நேரத்தில் அடித்துச் சொல்லிவிட்டார். உறுதியாகச் சொல்ல நூற்றெழுபத்துமூன்று வரை பார்த்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

பெயிண்ட் கிடங்கில் வண்ணம் கலக்கும் பெண் கேட்டாள். மறுநாள் டப்பா வாங்கப் போனவரிடம் அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எதுவரைக்கும் வகுத்துப் பாத்தீங்க?"

"அம்பத்திமூணு."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்திருக்கலாம். அம்பத்தொம்பதால போகுது. ஐநூத்தி ஒம்பது தடவ."

நம்பாமல் கிடங்குச் சுவரில் சாக்கட்டியால் பெருக்கிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. முகத்தில் அசடு வழிய டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தார். அதன்பிறகு பாதி டப்பா நிறைய பெயிண்ட் இருக்கும்போதே கிடங்குக்குப் போகத் தொடங்கினார். மேஸ்திரி, பெட்டிக்கு எண் எழுதுகிறாயா, பெட்டியையே குளிப்பாட்டுகிறாயா என்று கேட்டார். அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது.

தண்டவாளத்தை ஒட்டிய இரண்டு அறை வீடு. சமையலறை ஜன்னலில் சரக்கு ரயில் போகும்போது அவள் கடைசிப் பெட்டியின் எண்ணை வாசிப்பாள். அதை முதலில் வகுப்பவருக்குப் பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை. கழுவியது பெரும்பாலும் அவர்தான். மகளுக்குக் கணக்கென்றாலே வேப்பங்காய். இருவரும் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவாள்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, தன்னோடு வந்துவிடச் சொல்லி மகள் அழைத்தாள். அவர் அசையவில்லை. அவள் வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் சரக்கு ரயில் கடந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. இப்பல்லாம் வகுத்துப் பாக்கறதில்லையாப்பா என்றாள் மகள்.

"வகுக்கலாம். தப்பா சொன்னா சிரிக்க ஆள் வேணுமேம்மா."

மகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுநாள் கிளம்புவதாக இருந்தவள், அந்த வாரம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டுத்தான் போனாள்.