சேர்பியாவுக்குப் பின்சீட்டில்

நானும் மனைவியும் ஒரே நாளில் மோட்டார் சைக்கிள் பரீட்சைக்குப் போனோம். அவள் சித்தியடைந்தாள். நான் அடையவில்லை.

இதில் என்னை எரித்தது என்னவென்றால், அந்த யோசனையே என்னுடையது. மகள் படிப்பை முடித்துக்கொண்டு விபோர்க்குக்கு வேலைக்குப் போனபின், டென்மார்க்கில் எங்கள் கிரின்ஸ்டெட் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். நான் தொழிற்சாலை வேலையால் வருவேன், அவள் முதியோர் இல்ல வேலையால் வருவாள், சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு தொலைபேசியோடு இருப்போம். ஒரு நாள் நான்தான் சொன்னேன்: "மோட்டார் சைக்கிள் பழகுவமே?"

யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளில் பறந்து திரிந்தவன் நான். அவள் மிதிக்கிற சைக்கிளைத் தவிர வேறொன்றையும் தொட்டதில்லை. நான் ஓட, அவள் பின்னால் இருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள் என்பதுதான் என் மனதில் இருந்த படம். "ஓம், எனக்கும் விருப்பம்" என்று அவள் சொன்னபோது பின்சீட்டில் இருக்க விருப்பம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குப் பழக்கியவர் அறுபதைத் தாண்டிய ஒரு டெனிஷ்காரர். வீட்டில் நாங்கள் அவரை வாத்தியார் என்று சொல்வோம். நெடிய ஆள், மனைவியை இழந்தவர், கோடை வந்தால் மோட்டார் சைக்கிளிலேயே கிரேக்கம் வரை போய்வருகிறவர். பரீட்சையில் கூம்புகளுக்கு நடுவே நடை வேகத்தில் வளைந்து வளைந்து ஓட வேண்டும். கால் நிலத்தில் படக்கூடாது. எனக்கு ஒவ்வொரு முறையும் பட்டது. ஊர் ஒழுங்கைகளில் குறுக்கே வரும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊன்றி ஊன்றிப் பழகிய கால். நான் நினைப்பதற்கு முன்பே அது நிலத்தைத் தேடிப் போய்விடும்.

வாத்தியார் என் தோளில் தட்டினார். "நீ முதலில் பழையதை மறக்க வேண்டும். அவளுக்கு மறக்க ஒன்றுமில்லை" என்றார்.

இரண்டாம் முறையும் போய்த் தவறினேன். மூன்றாம் முறை போகவில்லை. அதற்கிடையில் அவள் ஒரு சாம்பல் நிற மோட்டார் சைக்கிளை வாங்கி, என் காரை வெளியே விட்டுவிட்டுக் கராஜுக்குள் அதை நிறுத்தியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியாரும் அவரிடம் பழகிய சிலரும் எஸ்பியர்க் கடற்கரைக்குப் போவார்கள். அவளும் போவாள். ஒருமுறை தேத்தண்ணிப் போத்தலையும் எடுத்துக்கொண்டு காரில் நானும் பின்னால் போனேன். முன்னே வாத்தியார், அவருக்குப் பின்னால் அவள். வளைவு வந்தால் இருவரும் ஒரே பக்கம் சரிவார்கள், ஒன்றாக நிமிர்வார்கள். கல்யாண வீடுகளில் சோடியாக ஆடுகிறவர்களைப் பார்த்தால்கூட எனக்கு அப்படி எரிச்சல் வந்ததில்லை. தேத்தண்ணியை நான் தனியாகவே குடித்து முடித்தேன்.

இன்னொன்றும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அவள் என்னை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுகிறாள். டெனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான், அது எனக்குத் தெரியாததல்ல. நானும் என் மேலாளரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆனால் கராஜ் வாசலில் நின்று அவள் வாத்தியாருடன் கதைத்துச் சிரிக்கும்போது, அந்த 'நீ' மட்டும் என் காதில் தனியாக வந்து விழும்.

அடுத்த வசந்தத்தில், வாத்தியாருடன் தானும் கிரேக்கம் போகப்போவதாகச் சொன்னாள். ஹங்கேரியால் இறங்கி, சேர்பியாவுக்குள்ளால் போகிற பாதை.

"சேர்பியாவில குழப்பம் எண்டு செய்தியில காட்டுறாங்கள். றோட்டெல்லாம் மறிச்சு வைச்சிருக்கினம்" என்றேன்.

"வாத்தியார் போன வருசமும் அதாலதான் போனவர்."

"அப்ப நானும் வாறன்."

அவள் கறியைக் கிளறுவதை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "பின்னால இருப்பீங்களே?"

"இருப்பன்."

மகளுக்குச் சொன்னபோது அவள் நெடுநேரம் சிரித்தாள். பிறகு டெனிஷில், "அப்பா, நீ அம்மாவுக்குப் பின்னாலா இருக்கப் போகிறாய்?" என்று கேட்டாள். அது கேள்வியல்ல.

எங்கள் ஆட்களுக்கு ஜேர்மன் எல்லை என்றால் மலிவாகச் சோடா வாங்கப் போகிற இடம். வாத்தியாரும் நாங்களுமாக அதைக் கடந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஹம்பேர்க்கைத் தாண்டியபோதுதான் ஒன்று விளங்கியது. வாத்தியாரின் ஹெல்மெட்டிலும் அவளின் ஹெல்மெட்டிலும் இன்டர்கொம் பூட்டியிருந்தது. ஓடிக்கொண்டே இருவரும் கதைக்கலாம். எனக்குக் கொடுத்தது பழைய ஹெல்மெட், அதில் காற்று இரைச்சல் மட்டும்தான். நான் அவள் முதுகோடு ஒட்டி இருக்கிறேன். திடீரென்று அந்த முதுகு குலுங்கும். சிரிக்கிறாள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. முன்னே போகும் வாத்தியாரின் தோள்களும் குலுங்கும்.

ஜேர்மனி முழுவதும் குலுங்கினார்கள். செக் நாட்டிலும், ஸ்லோவாக்கியாவிலும்.

சாப்பிட நின்ற ஒரு இடத்தில் கேட்டேன். "என்ன அப்பிடிச் சிரிப்பு?"

"ஒண்டுமில்லை. றோட்டைப் பற்றிக் கதைச்சனாங்கள்."

றோட்டில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் மேற்கொண்டு கேட்கவில்லை. உறைந்துபோன கிழங்குப் பொரியலைச் சாப்பிட்டேன்.

ஹங்கேரியை விட்டு வெளியேறும் எல்லையில் வெயிலில் வாகனங்கள் நெடுந்தூரம் நின்றன. மோட்டார் சைக்கிள்களை முன்னுக்கு வரச்சொல்லிக் கை காட்டினார்கள். சேர்பியப் பக்கத்தில் கூண்டுக்குள் இருந்த இளம் அதிகாரி வாத்தியாரின் கடவுச்சீட்டில் முத்திரை குத்தினான். அவளுடையதிலும் குத்தினான். என்னுடையதை வைத்துக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னான். எங்கே போகிறாய், எத்தனை நாள், என்ன வேலை, ஏன் இந்த நேரத்தில் இந்த நாட்டுக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டான். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் சீருடையைக் கண்டால் எந்த மொழியும் வராது. பல வருடங்களுக்கு முன் இரவல் பெயரோடு எல்லைகளைக் கடந்து வந்தவன். இப்போது சொந்தப் பெயரும் டெனிஷ் கடவுச்சீட்டும் இருந்தும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றேன்.

அவள் திரும்பி, ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, அவனிடம் இலகுவாகச் சொன்னாள்: "அவர் என்னோடு வருகிறார். என்னுடைய பயணி."

அவன் சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினான். புருசன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த பெற்றோல் செட் வரும் வரை அந்தச் சொல்லை மென்றுகொண்டே இருந்தேன்.

மறுநாள் பின்னேரம், தெற்கே ஒரு சிறிய ஊருக்குள் நுழையும்போது பாதை மறிக்கப்பட்டிருந்தது. குப்பைத் தொட்டிகளும் பூங்காவில் இருக்கப் போடுகிற வாங்குகளும் ஒரு உழவு இயந்திரமும் குறுக்கே கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் மாணவர்கள், தாய்மார், வயதானவர்கள். அந்த நாட்டில் ஒரு ரயில் நிலையக் கூரை இடிந்து விழுந்து செத்தவர்களுக்காக ஒரு சொல்லும் பேசாமல் நின்றார்கள். அவ்வளவு பேர் அவ்வளவு அமைதியாக நிற்பதை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஒரு ஓரத்தில் அந்த ஊர் மோட்டார் சைக்கிள்காரர்கள் மாணவர்களுக்குக் காவலாகத் தங்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

வாத்தியார் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். திரும்பிப் போய் வயல் பாதையால் சுற்றுவோம் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஆனால் அந்த வரிசையில் நின்ற ஒரு பெண், எங்கள் வயதுதான் இருக்கும், நரைத்த பின்னலும் தோல் சட்டையுமாக, என் மனைவியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். வா என்ற கை அது.

"நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்" என்றாள் இவள்.

"உமக்கென்ன விசரே? பொலிஸ் வந்தால்?"

"நீங்கள் இறங்குங்கோ. இங்கயே நில்லுங்கோ."

இறங்கினேன். அவள் மெல்ல ஓட்டிக்கொண்டு போய் அந்த வரிசையின் கடைசியில், நரைத்த பின்னல்காரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அந்தப் பெண் இவளைக் கட்டிப்பிடித்தாள். மற்றவர்கள் கை கொடுத்தார்கள். ஒரு மொழியும் பொதுவாக இல்லாத ஆட்கள், நெடுநாள் பழகியவர்களைப் போல. கிரின்ஸ்டெட்டில் இவ்வளவு காலம் இருந்தும் என்னை அப்படி யாரும் கட்டிப்பிடித்ததில்லை. பார்க்கப் பிடிக்காமல், தண்ணீர் வாங்குகிறேன் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் பின்தெருக் கடைக்கு நடந்தேன்.

நான் போத்தலோடு வெளியே வந்தபோது தெரு மாறியிருந்தது. பக்கத்து ஒழுங்கையால் கேடயங்களோடு பொலிஸ் இறங்கி, எங்களுக்கும் மறிப்புக்கும் இடையில் ஒரு வரிசையாக நின்றது. அமைதி உடைந்து ஊதுகுழல்கள் கத்தின. கேடயங்கள் முன்னே தள்ள, சனம் பின்வாங்கியது. தலைகளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இயங்கத் தொடங்கி, திரும்பி, ஊருக்குள் போய்க்கொண்டிருந்தன. அவற்றோடு ஒரு சாம்பல் நிறமும் போனது.

என் தொலைபேசி அவளின் பையில் இருந்தது. வாத்தியாரிடம் ஓடினேன். அவர் ஹெல்மெட்டில் கையை வைத்துக்கொண்டு அவள் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்டர்கொம் எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய தொலைபேசி அடித்தது. அவள்தான். இருவரும் டெனிஷில் கதைத்தார்கள். அந்த நேரத்திலும், முதலில் இவருக்கல்லவா எடுத்திருக்கிறாள் என்று என் மனம் போனது. என் தொலைபேசி எங்கே கிடக்கிறது என்பதைக்கூட மறந்துபோனேன். பிறகு அவர் என்னிடம் நீட்டினார்.

"நான் ஊருக்கு அங்கால ஒரு பெற்றோல் செட்டில நிக்கிறன். இவை எல்லாரும் நிக்கினம். பயப்பிடாதேங்கோ. அவரோட ஏறி வாங்கோ."

அப்படியாக, நான் வாத்தியாரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோளத் தோட்டங்களுக்கு நடுவே போனேன். பாதை பிரிகிற இடத்தில் அவர் நிறுத்தி வரைபடத்தைப் பார்த்தார். கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

"நீங்கள் இரண்டு பேரும் வழி முழுக்க எதைப் பற்றிச் சிரித்தீர்கள்?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "உன்னைப் பற்றித்தான். வளைவில் நீ எதிர்ப்பக்கம் சாய்கிறாய். லொறி பக்கத்தில் வந்தால் இரண்டு காலையும் வெளியே நீட்டுகிறாய். அவள் அதை வானொலி வர்ணனை மாதிரிச் சொல்லிக்கொண்டு வருவாள். காலையில் எழுந்தால், இன்றைக்கு இவரை நீ ஏற்றுகிறாயா என்று என்னைக் கேட்பாள். நான் மாட்டேன் என்றேன். எனக்கு முதுகு வலி."

"இப்போது ஏற்றியிருக்கிறாயே?"

"ஓம்," என்றார். "அவள் சொன்னது உண்மைதான்."

என் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஜேர்மனியில் இருந்து நான் பட்ட பாடெல்லாம் வீண். நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது அவமானம்தான். அதற்கு அடியில், அவள் என்னைப் பற்றிக் கதைத்துச் சிரித்த சிரிப்பை இவர் கேட்டிருக்கிறார், நான் கேட்கவில்லை என்கிற பொறாமை.

பெற்றோல் செட்டில் அவள் நரைத்த பின்னல்காரியோடு நிலத்தில் இருந்து வத்தகப்பழம் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி ஓடி வந்தாள்.

"எங்க போனீங்கள்? அங்கயே நில்லுங்கோ எண்டெல்லோ சொன்னனான்!"

"தண்ணி வாங்கப் போனன்."

"திரும்பிப் பாக்கிறன், ஆளைக் காணேல்லை. உயிர் போட்டுது எனக்கு."

"நீர் ஏன் அதுக்குள்ள போய் நிண்டனீர்? இப்பிடி இடத்தை விட்டுத்தானே நாங்கள் ஓடி வந்தனாங்கள்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஓம், ஓடி வந்தனாங்கள். அப்ப என்னை ஆரோ கூட்டிக்கொண்டு வந்தவை. நில் எண்ட இடத்தில நிண்டன், ஏறு எண்டதில ஏறினன். இண்டைக்கு நானாப் போய் நிண்டன். பயமாத்தான் இருந்தது. ஆனால் நானாப் போனனான்."

நரைத்த பின்னல்காரி எனக்கும் ஒரு துண்டு வத்தகப்பழம் தந்தாள்.

அடுத்த நாள் வட மாசிடோனியா எல்லையைக் கடந்தோம். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வளைவுகளில் தன் தோளுக்கு மேலால், தான் பார்க்கிற பக்கமே பார்க்கும்படி அவள் சொல்லித் தந்தாள். பார்த்தேன். கொஞ்சம் திருந்தினேன் என்று வாத்தியாரிடம் சொன்னாளாம். கிரேக்கத்தில், தெசலோனிகியில் எனக்கு விடுமுறை முடிந்தது. அவர்கள் வேறு பாதையால் ஓடித் திரும்பினார்கள். நான் விமானத்தில், ஒரு தூக்கம் போட்டு எழும்ப முன் வந்து இறங்கினேன். அவள் வரும் வரை கிரின்ஸ்டெட்டில் மழை பெய்தது. வேலையால் வந்து கராஜைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கார் வெளியேதான் நின்றது. உள்ளே விட மனம் வரவில்லை.

இலையுதிர் காலத்தில் அந்தச் சேர்பியப் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மறிப்புக்கு முன்னால், பொலிஸ் வருவதற்குச் சற்று முன் எடுத்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கடைசியில் என் மனைவி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைமயிர் வேர்வையில் ஒட்டியபடி. கல்யாணப் படத்தில்கூட அவளுக்கு அப்படி ஒரு முகம் இல்லை. அந்த நேரம் நான் கடையில் தண்ணீருக்கு வரிசையில் நின்றிருப்பேன்.

அவள் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்றாள். நான் சுத்தியலையும் ஆணியையும் எடுத்து வந்தேன். கதிரையில் ஏறி அடித்து, மாட்டி, இறங்கிப் பார்த்தேன்.

"இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு" என்றாள்.

திரும்ப ஏறி நேராக்கினேன்.