திரும்பி வராத தாய்க்கு ஒரு பாராட்டுரை

பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை செய்யும் ரமணி, சினிமாவையும் புத்தகத்தையும் விமர்சித்து எழுதி, பினாங்குத் தமிழர்களிடையே கொஞ்சம் பெயரும் நிறையப் பகையும் சம்பாதித்திருக்கிறார். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் பள்ளி நூலகம், படிக்கத் தூண்டிய ஆசிரியர் என்று எதையாவது எதிர்பார்க்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. அது ஒரு பொய்யிலிருந்து வந்தது.

நம் ஊர் நூல் வெளியீடுகளுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தப் பொய் புதிதாக இருக்காது. புத்தகம் அன்று காலைதான் அச்சகத்திலிருந்து வரும். வந்ததும் பளபளப்புத் தாளைச் சுற்றி ரிப்பன் கட்டிவிடுவார்கள். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் வந்து அவிழ்க்கும்வரை யாரும் தொடக்கூடாது. அவர் தாமதமாகத்தான் வருவார். அதற்குள் நான்கைந்து பேர் அந்த நூலைப் பாராட்டிப் பேசி முடித்திருப்பார்கள். பிரிக்காத பொட்டலத்தைப் புகழ்வதில் ரமணி தேர்ந்தவர். நல்ல குரல், பட்டுச் சேலை, வேண்டிய இடத்தில் ஒரு தழுதழுப்பு. ஜார்ஜ் டவுனின் கரையோர வாசகர் வட்டத் தலைவர் பக்கிரிசாமி எந்த நிகழ்ச்சிக்கும் முதலில் அழைப்பது அவரைத்தான்.

சந்திரசேகரனின் முதல் நாவலுக்கும் அப்படித்தான் அழைத்தார். சந்திரசேகரன் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சிம்பாங் அம்பாட்டில் குடியிருப்பவர். பின்னட்டை வாசகத்தை மட்டும் ரமணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். மகனை விட்டுப் பிரியும் ஒரு தாயின் கதை என்று அதில் இருந்தது. பிரிந்தவள் கடைசியில் சேர்ந்துதானே ஆகவேண்டும் என்று ரமணி தாமாகவே முடிவு செய்துகொண்டார்.

"அந்தத் தாய் மகனிடம் திரும்பி வரும் பக்கங்களைப் படித்தபோது அழுதுவிட்டேன்" என்றார் மேடையில்.

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களும் படித்திருக்கவில்லை.

விருந்தில் பீகூன் நூடுல்ஸ் தட்டோடு நின்றிருந்த ரமணியிடம் சந்திரசேகரன் வந்தார்.

"அக்கா, நீங்க பேச ஆரம்பிச்சப்ப, சரி, ஒரு ஆளாவது படிச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி."

"அந்த அம்மா திரும்பி வர மாட்டாங்க அக்கா. கடைசி வரைக்கும் வரல. எங்கம்மாவும்தான் வரல."

ரமணி கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார்.

"சாப்பிடுங்க, ஆறிடும்லா" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

அவர் திட்டியிருந்தால் ரமணி மறந்திருப்பார். அந்த வாரமே நாவலை எடுத்து உட்கார்ந்தார். அது நல்ல நாவல் அல்ல. பாத்திரங்கள் எல்லாரும் ஒலிபெருக்கி முன் நிற்பதுபோலப் பேசுகிறார்கள். மழை வரும்போதெல்லாம் யாராவது அழுகிறார்கள். ஏழாவது அத்தியாயம் மட்டும் வேறு. கிளம்பும் நாளில் தாய், மகனின் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்துவிட்டுப் போகிறாள். மறுநாள் அவன் அதைப் போடாமல் பழைய அழுக்குச் சட்டையோடு பள்ளிக்குப் போகிறான். அவ்வளவுதான். அந்த அத்தியாயத்தில் யாரும் அழவில்லை.

படித்ததை ரமணி எழுதினார். தாம் படிக்காமல் பேசியது, நாவல் பலவீனமானது, ஏழாவது அத்தியாயம் பொய் இல்லாதது என்று எல்லாவற்றையும் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பக்கிரிசாமி உடனே கூப்பிட்டார்.

"என்னம்மா ரமணி, நம்ம ஆளு புத்தகத்த நீயே அடிக்கலாமா? தமிழ்நாட்டுக்காரன் பார்த்தா சிரிக்கமாட்டான்?"

"அவங்க எங்க அண்ணே படிக்கப்போறாங்க. நம்மளே படிக்கல."

அதன்பிறகு மேடைகள் நின்றுபோயின. மேடை போனதால்தான் எழுத ஆரம்பித்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அது முழுப் பொய்யும் அல்ல. அடுத்து அவர் தொட்டது ஓர் உள்ளூர்ப் படத்தை. 'நம்ம படம், ஆதரவு கொடுங்க' என்று குழுவில் எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். திரையரங்கில் அவர்களில் ஒருவரும் இல்லை. ரமணி பாதி காலியாக இருந்த இருக்கைகளுக்கு நடுவில் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து படத்தைக் கிழித்தார். நான் மட்டும்தான் உண்மை பேசுகிறேன் என்ற மிதப்பு அந்த விமர்சனத்தில் வரிக்கு வரி தெரியும். மேடைத் தழுதழுப்பு அதைவிடத் தேவலாம். ஆனாலும் அவர் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். இங்கே அது அபூர்வம்.

பக்கிரிசாமியின் கோபம் அவரை உறுத்தவில்லை. சந்திரசேகரன் ஒரு வார்த்தையும் சொல்லாததுதான் உறுத்தியது. ஏற்கெனவே ஏமாந்த மனிதரை ஊர் முன்னால் மறுபடி அடித்துவிட்டோமோ என்று ரமணி தவித்துக்கொண்டிருந்தார். படத்தைப் பற்றி எழுதிய மறுநாள் சந்திரசேகரனே போனில் அழைத்தார்.

"அக்கா, அந்தப் படத்த நாறடிச்சிட்டீங்க. என் நாவல் அத விட மோசமா?"

"இல்ல தம்பி. உங்களது கொஞ்சம் பரவால்ல."

"கொஞ்சம்தானா?"

"கொஞ்சம்தான்."

மறுமுனையில் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"முழுசாவா படிச்சீங்க?"

"முழுசா."

"அந்தச் சட்டை விஷயம் மட்டும்தான் நான் எழுதினபடியே இருக்கு. மத்ததெல்லாம் பக்கிரிசாமி அண்ணன் உருக்கமா வேணும்னு சொல்லி மாத்தினது. சொல்லுங்கக்கா, எங்கெங்க கெட்டுப்போயிருக்கு?"

"நெறைய இருக்கு தம்பி."

"பரவால்ல. நாளைக்கு எனக்கு லீவுதான்."

ரமணி புத்தகத்தை எடுத்து வந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.