டோலிக்குள் பன்னிரண்டு உயிர்

கடப்பாக்கத்தில் ஜெய்புன்னிசாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கட்டிய கோழிக் கூண்டைத் தெரியாதவர்கள் இல்லை. செங்கல் கால்களின் மேல் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கும் அதைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, கோழிக்கு மாடி வூடு கட்டிகினு கீறே?" என்று அவள் கணவர் பஷீருதீனைக் கிண்டல் செய்து செய்தே தெரு ஓய்ந்துபோனது. கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஒப்பந்த பஸ்ஸின் டிரைவர் அவர். கிண்டல் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் இரவில் மனைவியிடம் அதை ஒப்பிக்காமல் தூங்க மாட்டார்.

ஜெய்புன்னிசா பிறந்தது அச்சரப்பாக்கத்தில். அப்பாவுக்கு பிராய்லர் கறிக்கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் வீட்டுப்பாடம் எழுதியது கம்பிக் கூண்டுக்கு எதிரில் உட்கார்ந்து. அதற்குள் இருந்த வெள்ளைக் கோழிகள் தங்கள் எடையைத் தாங்களே தாங்க முடியாமல் நாள் பூராவும் உட்கார்ந்தே இருக்கும். பத்தொன்பது வயதில் கல்யாணமாகிக் கடப்பாக்கம் வந்தவள், ஒரு நாட்டுக்கோழி மண்ணைக் கிளறிவிட்டு ஓடுவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாளாம். கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது. "நடக்கிற கோழியத்தான் வளப்பேன்" என்று அன்றைக்கே மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் வளர்ந்து, கை கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான் அதற்கு நேரம் வந்தது.

வந்த வேகத்திலேயே போகவும் பார்த்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதப் பகல். திறந்துவிட்டிருந்த இருபத்து மூன்று கோழிகளில் பதினேழைத் தெருநாய்கள் குதறிப் போட்டன. தின்னக்கூட இல்லை, பாவிகள். கால் மணி நேரம் ஆகியிருக்குமோ என்னவோ! ஜெய்புன்னிசா அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

"போதும் ஜெய்பு. வாயில்லாத ஜீவனை வளத்து நாய்க்குப் போடறதுக்கா இந்தப் பேஜாரு?" என்றார் பஷீருதீன்.

அவளுக்கு வந்ததே கோபம். "இனிமே ஒரே ஒரு கோழி நாய் வாயில போவட்டும், அல்லா மேல சத்தியமா, நானே எல்லாத்தையும் பிரிச்சிப் போட்டுர்றேன். அதுவரைக்கும் வாய தொறக்காதே!"

சத்தியம் என்றால் அந்த வீட்டில் சத்தியம்தான். சொன்ன மறுநிமிடமே, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த மாடி வீடு. கண்ட கோழிவலை வேண்டாம், நாய் பல்லில் கிழிந்துவிடும் என்று அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் கம்பிவலையாகப் பார்த்து வாங்கினாள். நாய் எப்போதும் சுவர் தரையைத் தொடும் இடத்தில்தான் தோண்டும் என்று கவனித்து, கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கம்பிவலையை மண்ணுக்குள் படுக்கப் போட்டுப் புதைத்தாள். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். கீரி ஒன்றைத் தள்ளினாலும் இன்னொன்று நிற்கும்.

சும்மா அடைத்து வைப்பதாக இருந்தால் அப்பா கடையே போதுமே! பகலில் கோழி புல்லில் நிற்க வேண்டும். பக்கத்து மனை, கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பார்த்தசாரதியுடையது. "மேயட்டும்மா, எனக்குப் புல் வெட்டற வேலை மிச்சம்" என்று விட்டுக்கொடுத்திருந்தார். பெரிய கோழிகள் அதில் திரியும். தாயும் குஞ்சுகளும் இருக்க மூன்று டோலிகள். பிவிசி குழாயில் சட்டம், பக்கங்களில் கம்பிவலை, மேலே பருந்து பாயாதபடி பழைய மீன்வலை. அடியில் ஒன்றும் கிடையாது, வெறும் புல்தான். காலையில் இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி அடுத்த புல்லில் வைத்தால், நேற்றைய எச்சம் பின்னால் கிடக்கும், கோழிக்குப் புது இடம். கல்யாணப் பெண்ணைத் தூக்கிப் போவது மாதிரி இருக்கிறது என்று பஷீருதீன்தான் டோலி என்று பேர் வைத்தார். வாய் பேசினாலும் ஒரு பக்கம் தூக்குவது அவர்தான்.

மூன்று வருஷம் ஒரு இறகு நாய் வாயில் போகவில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, கடைசி டோலியின் நைந்த வலையைக் கிழித்துக்கொண்டு ஒரு பருந்து பாய்ந்தது. பன்னிரண்டு குஞ்சில் ஒன்று போயிற்று.

"பருந்து கணக்குல வராதா?" என்று பஷீருதீன் மெதுவாகக் கேட்டார்.

"நாய்னுதான் சொன்னேன்!" என்று சீறிவிட்டு, அந்தச் சூட்டோடு கடற்கரைக்குப் போய், படகுக்காரர் சின்னராசுவிடம் ஒரு வலை கேட்டாள். காலையில்தான் கழித்துப் போட்ட வலை. "நல்லா ஊறவச்சி அலசிட்டுப் போடுக்கா" என்றார் சின்னராசு. அவளுக்குத் தெரியாததா? எப்போதும் பத்து நாள் தொட்டியில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டுத்தான் கட்டுவாள். ஆனால் பருந்து பத்து நாள் காத்திருக்குமா? வலையை முகத்தோடு சேர்த்து மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. அன்றைக்கே கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை பார்த்தசாரதியின் மனைவி வசுமதி மாமி மனைப் பக்கம் வந்தார். கும்பகோணத்துப் பக்கத்து மனுஷி. தெருவில் நாலு நாய்களுக்குத் தினமும் மத்தியானம் தட்டைத் தட்டிக் கூப்பிட்டுத் தயிர்சாதம் வைக்கிறவர். டோலிக்குப் பத்தடி தள்ளி நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஜெய்பு, இந்த நாத்தம்..." என்று ஆரம்பித்தார்.

ஜெய்புன்னிசாவுக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாகக் கோழி மேய்கிறது, இன்றைக்குத்தான் நாறுகிறதாமா? "கோழி நாத்தம் புடிக்கலன்னா ஜன்னல மூடிக்கோங்க மாமி! இடம் குடுத்துட்டீங்கன்னு மூக்க வேற பொத்திக்காட்டணுமா?"

மாமியின் முகம் சுண்டிப்போனது. அப்படியே திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் நாய்கள் மனை ஓரத்தில் வந்து படுத்துக் கிடந்தன. வேண்டுமென்றே ஏவி விடுகிறாரோ என்றுகூட ஜெய்புன்னிசா நினைத்தாள். நினைத்ததற்கு அவளை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? கோபத்தில் யார்தான் ஒழுங்காக நினைக்கிறோம்?

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆவுக்குத் தெரு ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலில் இருப்பார்கள் என்பதால், அன்றைக்கு மட்டும் பன்னிரண்டு மணிக்கே பெரிய கோழிகளைக் கூண்டில் அடைப்பது அவள் வழக்கம். அடைத்தாள். டோலியை அழுத்தி வைக்கும் மண்மூட்டை நாலு மூலையிலும் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. உள்ளே வந்து தொழுகைக்கு நின்றாள்.

நெற்றி தரையில் பட்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தாய்க்கோழி கத்தியது. முட்டையிட்ட கத்தல் இல்லை அது. பதினேழு போன அன்றைக்குக் கேட்ட கத்தல்.

"யா அல்லா, மன்னிச்சிடு" என்று தொழுகையை முறித்துக்கொண்டு ஓடினாள்.

நாலு நாய்கள். அவற்றில் இரண்டு, கடைசி டோலியின் மேலேயே ஏறி நின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த இரண்டு டோலிகளை ஒன்றும் சீண்டவில்லை. இதில்தான், அதுவும் மேலே கட்டிய வலையைத்தான் பல்லால் கவ்வி வெறி பிடித்ததுபோல இழுத்தன. அவள் கிட்டே போவதற்குள் குழாயின் ஒரு மூட்டு கழன்று, மூலை மேலே எழும்பியது. அந்தச் சந்தில் தாய்க்கோழி வெளியே பாய்ந்தது. செவலை நாய் அதன் பின்னால் பாய்ந்தது. ஒரு கொத்து இறகு காற்றில் பறந்தது. இரண்டும் மாமி வீட்டுப் பின்பக்கம் மறைந்தன.

ஜெய்புன்னிசாவின் கால் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தது. அடுத்த எட்டு வைக்க முடியவில்லை. அவள் நகர்ந்தால் உள்ளே பதினோரு குஞ்சு. மிச்சம் மூன்று நாய்.

டோலியின் மேல் குப்புற விழுந்தாள். கிழிந்த இடத்தை வயிற்றால் அடைத்து, எழும்பிய மூலையைக் கையால் அழுத்திப் பிடித்தாள். "தூ! போ! போ நாயே!" என்று கத்தினாள். ஒரு நாய் அவள் காதோரத்தில் வலையைக் கவ்வி இழுத்தது. அதன் மூச்சு கன்னத்தில் சுட்டது. "யாராச்சும் வாங்களேன்!" யார் வருவார்கள்? பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குக் கீழே குஞ்சுகள் கீச்கீச்சென்று அலைவது அவளுக்குத் தெரிந்தது.

மாமி வீட்டுப் பக்கம் கோழி ஒரு தடவை அலறியது. அப்புறம் சத்தமே இல்லை.

போச்சு, என்று நினைத்தாள். சத்தியம் போச்சு. மூன்று வருஷம் போச்சு.

அப்போது டங் டங்கென்று தட்டு அடிக்கும் ஓசை கேட்டது. மாமியின் தயிர்சாதத் தட்டு. மூன்று நாய்களும் காதை உயர்த்தின, வலையை விட்டன, அந்தப் பக்கம் ஓடின. இரும்புக் கேட்டை மூடும் சத்தம் வந்தது.

ஜெய்புன்னிசா எழுந்து உட்கார்ந்தாள். கழன்ற மூட்டைத் திரும்பச் செருகினாள். கோபம் பொங்கியது. என் கோழியைத் தின்ன நாய்க்குத் தயிர்சாதம் வேறயா!

நாய்ச் சத்தமும் அவள் கத்தலும் கேட்டுப் பள்ளிவாசலிலிருந்து பஷீருதீன் தொப்பியோடு ஓடி வந்தார். "இன்னாடி ஆச்சி? எத்தினி போச்சி?"

"தாய்க்கோழி போச்சி" என்றாள். "சத்தியம் பண்ணது பண்ணதுதான். நாளைக்கிக் கூண்டப் பிரிச்சிடு. ஆனா இப்ப அந்த மாமிய நாலு கேள்வி கேக்காம வுட மாட்டேன்."

குஞ்சுகளைக் கூடையில் அள்ளி மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு விடுவிடென்று நடந்தாள். கூடையோடு அவரும் பின்னால் ஓடினார். மாமி வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் கேட்டுக்குள் அடைபட்டு நாலு நாய்களும் தட்டை நக்கிக்கொண்டிருந்தன. பின்கதவைத் தட்ட அவள் கையை ஓங்கினாள். தட்டுவதற்குள் கதவு திறந்தது.

வசுமதி மாமி நின்றார். முன்கையில் நீளமாக நகக்கீறல், ரத்தம். நெஞ்சோடு அணைத்து முந்தானைக்குள் எதையோ சுற்றி வைத்திருந்தார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துக் கொக்கரித்தது. அவருக்குப் பின்னால், முட்டைகூட நுழையாத அந்தச் சமையலறையில், அரிசி டிரம்மிலிருந்து மிக்சி மேடை வரைக்கும் கோழி எச்சம்.

"உள்ள ஓடி வந்துடுத்து. கதவச் சாத்திட்டேன்" என்றார் மாமி, மூச்சு வாங்க. "எனக்குப் பிடிக்கத் தெரியலடி. கால்ல அடி பட்டிருக்கான்னு பாரு."

ஜெய்புன்னிசா ஓங்கிய கையைக் கீழே இறக்கினாள்.

"செவ்வாக்கிழமையே சொல்ல வந்தேன். நாத்தம் கோழியில இல்ல, உன் வலையில. அந்த மீன் கவுச்சி என் வீட்டு வாசல் வரைக்கும் வந்துது. தயிர்சாதம் தின்னு நாக்கு செத்த நாய் சும்மா இருக்குமா? நீதான் என்னைப் பேசவே விடலையே!"

இருபத்து நாலு வருஷம் கடல்காற்றில் இருந்த மூக்கு. மீன் வாடை அதற்கு வாடையே இல்லை என்பது ஜெய்புன்னிசாவுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. "மாமி, நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்" என்றவள், அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள்.

பஷீருதீன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கோழியை வாங்கினார். கால், கழுத்து, இறக்கை எல்லாம் தடவிப் பார்த்தார். கடைசியில் திருப்பினார். பின்பக்கம் மொட்டையாக இருந்தது.

"ஜெய்பு, நீ சத்தியம் பண்ணது கோழிக்குதானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாய் வாயில போனது வாலு. கோழி என் கையில கீது" என்றார்.

அந்த வலை இப்போது தொட்டியில் ஊறிக் காய்ந்துவிட்டது. பன்னிரண்டாவது நாள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஜெய்புன்னிசா மாமி வீட்டுப் பின்கதவில் நின்றாள்.

"மாமி, கொஞ்சம் மோந்து பாருங்க."

மாமி கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும்."

ஜெய்புன்னிசா மறுபேச்சு பேசாமல் வலையைத் தொட்டிக்கு எடுத்துப் போனாள்.