அப்பா பெயர் இல்லாத தாள்

என் ஓரகத்தி செண்டாயானில் புது வீடு கட்டிக் குடிபோனபோதுகூட எனக்கு இவ்வளவு வயிறு எரியவில்லை. அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய தாளைப் பிரேம் போட்டு மாட்டினாளே, அன்றைக்குத்தான் எரிந்தது.

நானும் அவளும் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். பிறகு அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டோம். வெள்ளைக்காரன் காலத்தில் வீடு வீடாக ஆள் கணக்கு எடுத்த தாளை அவள் மருமகன் எங்கேயோ தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அதில் அவள் அப்பா பெயர், வயது, பால்வெட்டுத் தொழில் எல்லாம் இருக்கிறது.

"பாத்தியா தங்கச்சி, எங்கப்பா பேரு கவர்மெண்டுல இருக்கு லா" என்றாள். டீ கொடுத்தாள். பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

எங்கள் வீடும் அந்தத் தாளில் இருக்கத்தானே வேண்டும்? என் மகளை விடாமல் நச்சரித்தேன். அவள் அந்த மருமகனிடமே கேட்டு, அடுத்த பக்கத்தை வாங்கி வந்தாள். நான் எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பேன், அவ்வளவுதான். தாளோ இங்கிலீசு. மகள்தான் படித்தாள். வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் என் பெரியண்ணன் பெயர். வயது முப்பத்தாறு. இரண்டு வரி கீழே மறுபடியும் அண்ணன் பெயர். வயது ஏழு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது அப்பா பால் வெட்டப் போயிருப்பார். அம்மா ஆயுசுக்கும் புருசன் பெயரை வாயால் சொன்னவள் இல்லை. அண்ணன் பெயரைச் சொல்லி, "அவனோட அப்பா" என்றுதான் சொல்லியிருப்பாள். வந்தவர் அவசரத்தில் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இது ஓரகத்தி காதுக்கும் எட்டியது. கோயிலில் பார்த்தபோது, "எங்கம்மா டக்குனு சொல்லிட்டாங்க. உங்கம்மாவுக்குத்தான் வெக்கம்" என்று சிரித்தாள்.

"உங்கம்மா தினம் பத்துத் தடவை புருசன் பேரச் சொல்லித் திட்டுனவங்கதானேக்கா. அன்னைக்கு மட்டும் வராமப் போயிருமா?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் பிரேம் போடச் சொன்னேன்.

"இதுல தாத்தா பேரே இல்லையேம்மா."

"வயசு அவரோடதுதானே? தொழில் அவரோடதுதானே? போடு. அவ பிரேமவிடப் பெருசா போடு."

கடைக்குக் கொடுக்கும் முன்னால் தாளின் அடியில் அப்பா பெயரை நானே எழுதினேன். புருசன் பெயரைத்தான் சொல்லக் கூடாது, அப்பா பெயரை எழுத மகளாகிய எனக்கு என்ன தடை? எழுத்து ஒன்று மேலே போகும், ஒன்று கீழே இறங்கும். பரவாயில்லை, படிக்க முடிகிறது.

இப்போது என் கூடத்திலும் மாட்டியிருக்கிறேன். ஓரகத்தி வந்து பார்த்துவிட்டு, "பெருசாத்தான் இருக்கு" என்றாள். ஆனாலும் கணக்கெடுக்க வந்தவரே அவள் அப்பா பெயரைத் தன் கையால் எழுதியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.