சாட்சிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

வீடு விற்க விற்பவர் வேண்டும், வாங்குபவர் வேண்டும், அவர்களைத் தெரிந்த சாட்சிகள் இருவர் வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சித்தூர்ப் பக்கம் ஒரு பத்திரப்பதிவு அலுவலகம். எது என்பது வேண்டாம். அதன் எதிரே இருக்கும் டீக்கடை, சட்டத்தின் அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே நிற்பவர்களுக்கு உலகத்தில் எல்லோரையும் தெரியும். உள்ளே அதிகாரியம்மா "ஈயன மீகு தெலுசா?" என்று கேட்பார். இவரை உங்களுக்குத் தெரியுமா என்று அர்த்தம். "தெலுசு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் டீயும் பஜ்ஜியும் காத்திருக்கும்.

இந்த ஏற்பாடு பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, கமலக்கண்ணன் வரும்வரை.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தூரிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதி, மறுபடி அதே வழி. ஆயுளில் பாதி அதிலேயே போயிற்று. மாமனார் ஏறினால் அவருக்கும் டிக்கெட் கிழித்தவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருந்தவரை, பத்திரம் எழுதும் இஸ்மாயில் ஒருநாள் சாட்சிக்குக் கூப்பிட்டார். கமலக்கண்ணன் பத்திரத்தை வாங்கி முழுவதும் படித்தார்.

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதேப்பா."

"யாருக்குண்ணா தெரியும்? கையெழுத்து போடு. டைம் ஆயிக்கினு இருக்குது."

"தெரியாமயே தெரியும்னு எப்படிப் போடறது? இரு, தெரிஞ்சிக்கினு வந்து போடறேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. சாட்சி சொல்லுமுன் விற்பவர் வீட்டுக்கு நேரில் போவார். அந்த வீட்டுத் தண்ணீரில் ஒரு டம்ளர் வாங்கிக் குடிப்பார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வீட்டை ஏன் விற்கிறார்கள் என்று சாவகாசமாக விசாரிப்பார். "சாட்சிக்குக் கூப்ட்டா பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்துக்கினு இருக்கியேண்ணா" என்று இஸ்மாயில் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அடுத்த பத்திரத்துக்குக் கூப்பிடுவார். கமலக்கண்ணனுக்குப் பஜ்ஜி வாங்கித் தர வேண்டியதில்லை.

மகள் பத்மினி பொறியாளர். தொழிற்சாலையில் ஓடுகிற இயந்திரம் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அப்பாவை அவள் அந்த முறையில்தான் புரிந்துகொண்டாள். எல்லாப் பாகங்களும் ஒத்துப்போய்த் தப்பாக ஓடும் இயந்திரத்தில், ஒரே ஒரு பாகம் மட்டும் வரைபடத்தில் உள்ளபடி வேலை செய்தால் இயந்திரம் நின்றுவிடும். பழுது அந்தப் பாகம்தான்.

கிரண்குமார் வீட்டு விற்பனை அப்படித்தான் நின்றது. கிரண்குமார் மரியாதையாகக் கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். கமலக்கண்ணன் அதை வைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாள் அதிகாரியம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நல்லாத் தெரியும்மா. தங்கமான மனுஷன். போர் தண்ணிதான் உப்பு."

வாங்க வந்தவர் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு கிரண்குமார் டீக்கடைக்கு வரும்போதெல்லாம் கமலக்கண்ணனைப் பெயர் சொல்லித் திட்டிவிட்டுத்தான் டீ குடித்தார்.

அப்புறம் கமலக்கண்ணனின் சிறுநீரகங்கள் கெட்டன. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை திருப்பதி போக வேண்டும். தான் டிக்கெட் கொடுத்த அதே வழியில், படியேற்றிவிட ஒரு ஆளோடு போனார். திரும்பி வரும்போது பாகாலா தாண்டினால் மயக்கம் வரும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடிபோவது என்று பத்மினி முடிவு செய்தாள். அதற்குச் சித்தூர் வீட்டை விற்க வேண்டும். யஸ்வந்த் என்ற பள்ளி ஆசிரியர் வாங்க வந்தார். கமலக்கண்ணன் அவருக்கு முதலில் கொடுத்தது குழாய்த் தண்ணீர்.

யஸ்வந்துக்கு வங்கி கொடுத்த கெடு பதிவு நாளன்றே முடிகிறது. அன்று பதிவாகவில்லை என்றால் அவர் வேறு வீடு பார்த்துக்கொள்வார். அப்பா பஸ்ஸில் போய்க்கொண்டே இருப்பார்.

இஸ்மாயில் டீக்கடையிலிருந்து சாட்சிகள் இருவரை அழைத்து வந்தார். நாற்காலியில் சரிந்திருந்த கமலக்கண்ணன் நிமிர்ந்தார்.

"நீ யாருப்பா?"

"சாட்சிங்க."

"என்னைத் தெரியுமா?"

"தெலுசு" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

"எம் பொண்ணு பேர் இன்னா?"

சாட்சி பத்மினியை ஒருமுறை பார்த்தார். "பாப்பாங்க."

அதிகாரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கமலக்கண்ணன் சிரிக்கவில்லை. "இவங்க வேணாம்."

"நைனா, எல்லாரும் இப்படித்தான் போடறாங்க. இன்னிக்கு விட்டா வீடு போவாது" என்று பத்மினி பல்லைக் கடித்தாள்.

"ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் போய்த் தண்ணி குடிச்சிட்டுச் சாட்சி சொன்னேன். என் வீட்டுக்கு மட்டும் பொய்ச் சாட்சியா?"

அலுவலகம் மூடுவதற்குள் தெரிந்தவர்களைக் கூட்டி வாருங்கள் என்றார் அதிகாரியம்மா. பத்மினி வெளியே ஓடினாள். பக்கத்து வீட்டார் காளஹஸ்தியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்த டிரைவர் போனை எடுக்கவில்லை. வாசலில் நின்ற ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. கிரண்குமார்.

"உங்க நைனா உள்ளதான் இருக்காராம்மா? எப்ப கெளம்புவாரு?"

"ஏன்?"

"வேற பார்ட்டி ஒருத்தரை இட்டாந்திருக்கேன். அவரு போனாத்தான் நான் உள்ள வருவேன்."

பத்மினி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். அதிகாரியம்மா கேட்டார்: "ஈயன மீகு தெலுசா?"

"தெரியுமாவா! என் வீட்டுக்கு வந்து, எங்குழாயில தண்ணி குடிச்சிட்டு, எம்பொழப்புல மண்ணைப் போட்டவரும்மா. இவரைத் தெரிஞ்ச அளவுக்கு எனக்கு எம்மாமியாரைக்கூடத் தெரியாது."

கமலக்கண்ணன் முகம் மலர்ந்தது. "இவருக்கு என்னைத் தெரியும். போடச் சொல்லும்மா." பிறகு இஸ்மாயிலைப் பார்த்தார். "நீயும் போடு. எத்தினி நாளாத் திட்டிக்கினு இருக்கே."

பதிவு முடிந்தது. வெளியே வரும்போது கமலக்கண்ணன் கிரண்குமாரிடம் கேட்டார்: "தண்ணி இன்னும் உப்புதானா?"

"யோவ் பெரியவரே, மொதல்ல வண்டியில ஏறு."

திருப்பதியில் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் வாடகை வீடு கிடைத்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் கண்டபடி தண்ணீர் குடிக்கக் கூடாது. அத்தனை வீட்டுத் தண்ணீரையும் ருசி பார்த்தவருக்குப் பத்மினி, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் அளந்து கொடுத்தாள். ஐப்பசி மழைக்கு முன்பே அவர் போய்விட்டார்.

அம்மா மணியம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர, இன்னார் இன்னாருடைய மனைவி என்று சான்றிதழ் வேண்டும். அதற்கும் சாட்சிகள் இருவர். "நானே ஆளைப் போட்டுடறேன்மா, வெளிய டீக்கடையிலேயே இருக்காங்க" என்றார் தாசில்தார் ஆபீஸ் வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர். சரி என்று சொல்லத்தான் பத்மினி வாயைத் திறந்தாள். "வேணாங்க" என்று வந்தது. வீட்டுக்கு வந்து சித்தூருக்குப் போன் செய்தாள்.

இஸ்மாயிலும் கிரண்குமாரும் பஸ்ஸில் வந்தார்கள். மணியம்மா கேனைச் சாய்க்கப் போனாள்.

"அது வேணாம்மா" என்றார் கிரண்குமார். "குழாயில புடிங்க."

"உங்க வீடு வித்தாச்சாண்ணா?" என்று பத்மினி கேட்டாள்.

"எங்க? அன்னிக்கு உள்ள போனேன். அந்த ஆபீஸரம்மா சாட்சிக்காரனைத்தான் கேட்டாங்க. நான் முந்திக்கினு உப்பைச் சொல்லிட்டேன். உங்க நைனா வெச்ச சூனியம்."

மணியம்மா சிரித்தாள். புடவைத் தலைப்பால் உடனே வாயை மூடிக்கொண்டாள்.

கிரண்குமார் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "இங்கயும் உப்புதான்."

"ஆமாண்ணா" என்றாள் பத்மினி.

அவர் டம்ளரைக் காலி செய்துவிட்டுப் பேனாவைக் கேட்டார்.