துரை கட்டளையும் பூக்காரி சாபமும்

துப்பாசி வேலை என்பது மேலே இருப்பவர் குரைப்பதைக் கீழே இருப்பவருக்கு வார்த்தையாக்கிக் கொடுப்பது. சைகோன் நீதிமன்றத்தில் பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவில் நான் பார்த்தது அதைத்தான். எஜமானுக்கும் ஆட்களுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு விழிக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம கட்சிதான்.

உட்கார்

எங்கள் நீதிபதிக்குக் கேட்டுக்கொள்ளத் தெரியாது, கட்டளையிட மட்டுமே தெரியும். செட்டியார், சிப்பாய், சீனக் கடைக்காரர், எல்லோரும் அவருக்கு 'நீ'தான். அன்று வழக்குக் கொடுத்திருந்தவன் சவரிமுத்து. காரைக்கால்காரன், சந்தைச் சுங்கம் வசூலிப்பவன். கோட்டு, தொப்பி, வலக்கையில் பெரிய கட்டு. பிரெஞ்சில் அவனுக்குத் தெரிந்தது வணக்கத்துக்குப் போன்ழூர், ஐயாவுக்கு முசியே, அவ்வளவுதான்.

"உட்கார், வாயை மூடு" என்றார் நீதிபதி. அப்படியே சொன்னால் வெளியே வந்து என் சட்டையைப் பிடிப்பான். "உட்காருங்க, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்றாரு" என்றேன். முகமெல்லாம் பூரித்துப்போய், "பாத்தீங்களா முசியே, துரைக்கு நம்ம மேல எம்புட்டு மரியாதை" என்றான்.

விலாசம் இல்லாத கூட்டாளி

கூண்டில் நின்றவள் அஞ்சலை. மாரியம்மன் கோயில் வாசலில் பூ விற்பவள். தினமும் இனாமாகப் பூ தரவில்லை என்று சவரிமுத்து அவள் கூடையைத் தூக்கி எறிந்து, இடத்தை விட்டே விரட்டியிருக்கிறான். அந்த இடம் போனால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு கிடையாது. அவள் மண்ணை வாரித் தூற்றி, "என் கூடையை எறிஞ்ச கை வெளங்காமப் போவ" என்று சபித்துவிட்டாள். அன்றைக்கே அவன் ரிக்‌ஷாவிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். குடித்துவிட்டு விழுந்தது ஊருக்கே தெரியும். ஆனால் வழக்கு அஞ்சலை மீது, கையை ஒடிப்பதாக மிரட்டினாள் என்று.

"ஒடிக்கும்படி யாருக்கு உத்தரவிட்டாள்?" என்றார் நீதிபதி. உத்தரவு இல்லை, வேண்டுதல் என்றேன். அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குப் புதிது. யாரிடம் வேண்டினாள் என்று கேட்டார். மாரியம்மனிடம் என்றேன். மனிதர் பேனாவை எடுத்துக்கொண்டு, "அந்தப் பொம்பளையையும் இங்கே வரச் சொல்" என்றார்.

வாபஸ் வாங்கு

அம்மன் தெய்வம் என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நீதிபதி அஞ்சலையிடம், "சொன்னதை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் சிறை" என்றார். அவள் கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வாங்கிடும்மா, பிள்ளைங்களை நெனச்சுப் பாரு" என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சவரிமுத்துவைப் பார்த்து, "நான் செயிலுக்குப் போறேன். சாபம் வெளியிலதான் இருக்கும்" என்றாள்.

சவரிமுத்து பதறி எழுந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறாதவன், ஆனாலும் மாரியம்மனிடம் அவனுக்கு வம்பு வேண்டாமாம். பழைய இடத்திலேயே உட்காரட்டும், இனாமும் வேண்டாம், வழக்கும் வேண்டாம் என்று ஒற்றைக் கையால் கும்பிட்டான். அஞ்சலை யோசித்து, "மொதல்ல கூடையை வைக்கிறேன். பொறவு ஆத்தாகிட்டச் சொல்றேன்" என்றாள்.

வாபஸ் வாங்கிவிட்டாள் என்று நீதிபதியிடம் சுருக்கமாக முடித்தேன். அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டு, "உரக்கச் சொன்னால் கேட்கிறார்கள், பார்த்தாயா?" என்றார்.

கட்டளைகளை வண்டி வண்டியாக மொழிபெயர்த்த அந்த நீதிமன்றத்தில், சொன்னது சொன்னபடியே நடந்து நான் பார்த்தது பூக்காரியின் சாபம் ஒன்றுதான்.