பால்பவுடர் டின்னும் பத்து நிமிடமும்

அந்த ஒரு மாதம் மட்டும் என் மகளின் எடை ஏன் ஏறவில்லை? நான் செய்த உடற்பயிற்சியாலா, அல்லது அதையொட்டிச் செய்த இன்னொரு காரியத்தாலா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை.

1991இல் அவள் பிறந்தாள். அப்போதும் இப்போதும் நாங்கள் இருப்பது சேரப்பணஞ்சேரியில், மாமியாரோடு. கணவருக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இடுப்பில் ஓயாத வலி, பலமே இல்லாமல் போயிற்று. தெருமுனை அடிபம்பிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் இறக்கி வைப்பேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போதெல்லாம் தவற விட்டுவிடுவேனோ என்று பயம் வரும். மூன்று மாதம் ஆகியும் அப்படியேதான் இருந்தது.

கணவர் படப்பையில் ஓர் ஓலைக் கொட்டகை ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் அங்கே ஒரு மணி நேரம் இருப்பார்கள். அதில் பாதி கண்ணாடி முன்னால் போகும். இவருக்குக் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் பத்தே நிமிடத்தில், நடுவில் நிற்காமல், மூச்சு வாங்க வாங்கச் செய்துவிட்டு சைக்கிளை மிதிப்பார். உடம்பு என்னவோ அவர்களைவிட இவருக்குத்தான் தேறியது.

"நீயும் செஞ்சு பாரு. பத்து நிமிஷம்தான். ஆனா நடுவுல குந்தக் கூடாது" என்றார்.

டீக்கடையிலிருந்து இரண்டு காலி பால்பவுடர் டின் வாங்கி வந்து, சிமெண்ட் கரைத்து ஊற்றி, அது இறுகுவதற்குள் கம்பியை வளைத்துக் கைப்பிடியாகச் செருகிக் கொடுத்தார். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்ததும், டைம்பீஸை எதிரில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பேன். நின்ற இடத்திலேயே ஓட்டம், டின்களைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுவது, தலைக்கு மேல் தூக்குவது, மறுபடி ஓட்டம்.

முதல் நாள் பார்த்த மாமியார், "இன்னாமே, புள்ளையாருக்கு வேண்டுதலா?" என்றார்.

"இல்ல அத்தை, இடுப்புக்கு."

"அந்தத் துணியெல்லாம் அலசிப் போட்டா இடுப்புக்கு ஆவாதா? வேலை செய்யாம வேர்த்து ஊத்தறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பக்கத்து வீட்டு அக்கா டின்களைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, புள்ளைக்கு டின் பாலா? இப்பவேவா?" என்று பதறினாள். தூக்கிப் பார்க்கச் சொன்னேன். "யம்மாடி, இத கரைச்சுக் குடுத்தா புள்ள எழுந்துக்கவே எழுந்துக்காது" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது வாரம் பம்பிலிருந்து வீடுவரை குடத்தை இறக்காமல் வந்தேன். படியில் பயம் குறைந்தது. எதையாவது நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும் பழக்கம்கூட, அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு மத்தியானம்வரை அடங்கியிருந்தது.

மாமியார் பயிற்சியைத் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"வேர்வையோட பால் குடுக்காதே. சூட்டுப்பாலு புள்ளைக்கு ஆவாது. நாங்க கழனியிலேர்ந்து வந்தா வரப்புலயே பீச்சி வுட்டுட்டுத்தான் புள்ளையத் தூக்குவோம்."

"எவ்வளவு அத்தை?"

"சூடு போற வரைக்கும்."

சூடு போனது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தெரியாததால் கொஞ்சம் அதிகமாகவே பீச்சிக் கொட்டினேன். குறைத்துச் செய்து குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற எண்ணம். அதற்குள் அவள் விழித்து அழுவாள். அழ அழ, கொல்லையில் நின்று பாலை மண்ணில் விட்டுக்கொண்டிருப்பேன்.

மாதாமாதம் ஊர்க் குழந்தைகளுக்கு எடை பார்க்க வரும் நர்சம்மா, அந்த மாதமும் அவளைத் தராசுத் தொட்டிலில் போட்டுப் பார்த்தார். முந்தைய மாதம் ஐந்தே முக்கால் கிலோ. இந்த மாதமும் அதே ஐந்தே முக்கால். எடை குறிக்கும் அட்டையில் மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது.

"வயித்தால போச்சா?"

"இல்ல."

"பால் பத்தலையா?"

"தெரியல" என்றேன். டின்களைப் பற்றிச் சொல்லவில்லை, கொட்டிய பாலைப் பற்றியும் சொல்லவில்லை. பின்னால் ஐந்தாறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அவர் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஒரு மாதத்துக்குள் அவர் மாற்றலாகிப் போனார்.

அன்றே பயிற்சியை நிறுத்தினேன். வேர்வை இல்லாததால் பாலைப் பீச்சிவிடுவதும் நின்றது. அடுத்த மாதம் மகள் அரை கிலோவுக்கு மேல் ஏறியிருந்தாள். என் இடுப்பு வலியும் திரும்பி வந்திருந்தது. குடம் மறுபடி இரண்டு இடத்தில் இறங்கியது.

கணவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் ஒண்ணா நிறுத்துனா எது காரணம்னு எப்டித் தெரியும்? லைன்ல மெஷின் நின்னா ஒவ்வொண்ணா மாத்திதான் பாப்போம்" என்றார்.

"இது மெஷின் இல்லீங்க."

"சரி, நான் ஒண்ணும் சொல்லல" என்று சாப்பிட உட்கார்ந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மகள் இப்போது தெருவெல்லாம் ஓடுகிறாள். கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு டின்னை முட்டுக் கொடுத்திருக்கிறோம். இன்னொன்று துணி துவைக்கும் கல்லருகே கிடக்கிறது. எனக்கு மறுபடி ஆறாவது மாதம். இடுப்பு இப்போதே வலிக்கிறது; இரண்டு குழந்தைகளை இந்த உடம்போடு எப்படித் தூக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

பால் கொடுக்கும் காலத்தில் இப்படிக் கொஞ்ச நேரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். பிரசவம் முடிந்து எத்தனை மாதத்தில் ஆரம்பித்தீர்கள்? வேர்த்த உடம்போடு அப்படியே பால் கொடுத்தீர்களா, பீச்சிவிட்டீர்களா? குழந்தையின் எடை ஏறியதா? கொட்டத் தேவையில்லை என்றால், வயலில் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்த மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது என்றும் எழுதுங்கள்.